புஷ்பவள்ளி டிவிக்குச் சூடம் காட்டிய சனிக்கிழமை

கோலா கெத்தில் என்ற ஊரில் கிளம்பிய செய்தி இது. செத்து ஆறு வருஷமான ஒரு டிவிக்கு முன்னால் புஷ்பவள்ளி சூடம் காட்டினாள். உடனே அதில் படம் வந்துவிட்டது. அந்தச் செய்தி செமிலிங் போய்ச் சேர்வதற்குள் டிவிக்கே அருள் வந்திருந்தது. பாலிங்கை எட்டியபோது அதற்கு ஒரு வால் வேறு முளைத்திருந்தது. டிவியைக் கேலி பேசிய ஆள் மறுநாள் காலையில் ரத்தமாகத் துப்பினானாம்.

மூன்று ஊரிலும் விசாரித்தாயிற்று. சூடம் காட்டியது உண்மை. படம் வந்தது உண்மை. கேலி பேசியவன் சிவப்பாகத் துப்பியதும் உண்மை. டிவிக்கு அருள் வந்ததை மட்டும் நேரில் பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை; பார்த்தவரைப் பார்த்தவர்கள் நான்கு பேர் கிடைத்தார்கள். நடுவில் நடந்தது என்ன என்பதை, வெளியே மூச்சுவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு புஷ்பவள்ளியே ஏழு பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆகவே இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்து மூன்று வயது. ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவள். தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளை இடித்தபோது, டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவர் தர்மலிங்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தைவிட ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரம் அதிகம். புஷ்பவள்ளிக்கு இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை என்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசரே சந்தேகம் வந்தால் அவளிடம்தான் நீட்டுவார். அப்படிப்பட்டவள் தன் வீட்டிலிருந்த மூன்று ஓட்டைகளின் விஷயத்தில் இருபத்திரண்டு வருஷம் ஏமாந்திருந்தாள் என்பதுதான் இந்தக் கதை.

அந்த டிவி 2003-இல் அவள் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. இருபத்தொரு அங்குலம். பின்பக்கம் பானை வயிறு போலப் புடைத்திருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். கொண்டுவந்து இறக்கிய கடைக்காரர் முன்பக்கத்தில் அடியிலிருந்த ஒரு சின்ன மூடியைத் திறந்து காட்டி, "இது பின்னால தேவைப்படும்லா, அக்கா," என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. மூடிக்குள் மூன்று வட்டமான ஓட்டைகள், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. பால்வெட்டுக் கத்தி, தையல் மெஷின், அரிசி குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த புஷ்பவள்ளி டிவி முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் வைத்தால் கறை படியும். எங்கே வைப்பது என்று தேடியவளுக்கு அந்த மூடி நினைவு வந்தது. திறந்தாள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. சந்தனம், விபூதி, குங்குமம். டிவி செய்தவன் எந்த நாட்டுக்காரனோ, விவரம் தெரிந்தவன் என்று மனதுக்குள் பாராட்டினாள். மஞ்சளில் சந்தனம், வெள்ளையில் விபூதி, சிவப்பில் குங்குமம் என்று விரல் நுனியால் நிறைவாக அப்பி, மூடியைச் சாத்தினாள். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த ஓட்டைகள் வேறு எதற்கும் தேவைப்படவும் இல்லை. விசிடி காலத்தில் பெட்டி இருந்தது நான்கு வீடு தள்ளி ராக்காயி வீட்டில்தான். ராக்காயி தாராளமானவள், யார் வேண்டுமானாலும் வந்து தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நாற்காலியில் அவள் மட்டும்தான் உட்காருவாள். படம் முக்கியமான கட்டத்துக்கு வரும்போது, "புஷ்பா, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்," என்பாள். இப்படித் தண்ணீர் கொண்டுவரப் போய், எத்தனையோ படங்களில் கொலைகாரன் யார் என்பதே புஷ்பவள்ளிக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு நாளாவது ராக்காயி தன் வீட்டுக்கு வந்து தன் டிவி முன்னால் உட்கார வேண்டும் என்பது அவளுடைய பழைய ஆசை.

2019-இல் பழைய முறை ஒளிபரப்பு நின்று, டிவிக்கெல்லாம் டிஜிட்டல் பெட்டி மாட்ட வேண்டும் என்றானது. பாலிங்கில் பள்ளி வேன் ஓட்டும் அவளுடைய தம்பி லோகேஸ்வரன் கிளம்பி வந்தான். ஒயர் உள்ள எந்தப் பொருளையும் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டவன். பெட்டியின் ஒயர்களை முன்பக்க மூடிக்குள் கைவிட்டு மாட்டினான், தட்டினான், முறைத்தான். "டிவி போச்சுக்கா. ரோசாக். உள்ள எல்லாம் கருகியிருக்கும்," என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு, "இங்க சும்மா கிடந்து என்ன பண்ணப்போவுது," என்று டிஜிட்டல் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான். டிவி பிளாஸ்டிக் பூச்சாடி தாங்கும் மேசையாயிற்று. மேசைக்கும் ஆயுத பூஜை உண்டு என்பதால் பொட்டு மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் மகள் உமாராணி கயிறு இழுக்கக் கிளம்பினாள்.

உமாராணி இன்னொரு தொழிற்சாலையில் குமாஸ்தா. வயது இருபத்தாறு, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. பெண் பார்க்க வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட அந்த எண்ணை, தொழிற்சாலையின் கயிறு இழுக்கும் குழுப் பயிற்சியாளர் மைக்கில் சொல்லிப் பெருமைப்பட்டார். எட்டுப் பெண்களில் கடைசியாக நின்று, கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, தரையோடு தரையாகச் சாய்ந்து இழுக்கும் இடம் அவளுடையது. அவள் அசையாதவரை குழு அசையாது. தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில் அவர்கள் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜொகூரில் ஆட்டம். இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள்.

மகள் கயிறு இழுத்துப் புஷ்பவள்ளி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஷிப்ட். இந்தச் சனிக்கிழமை விடுமுறை, ஆனால் பஸ்ஸில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் இடம். "லேப்டாப்ப வச்சிட்டுப் போறேன்மா. லிங்க் தொறந்தே இருக்கும். கடைசியில நிக்கிறவதான் நானு. நல்லாப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள் உமாராணி. அந்த லேப்டாப் பள்ளிக்கூடப் புத்தகம் அளவு. கடைசியில் நிற்கிற ஆள் அதில் எறும்பு அளவுதான் தெரிவாள்.

இதை நினைத்துக்கொண்டே மீன் வாங்கப் பாசாருக்குப் போனவள் அங்கே ராக்காயியைச் சந்தித்தாள். பேச்சு மகள் பக்கம் திரும்பியது.

"கயிறு இழுத்து என்னடி ஆவப்போவுது? நாளைக்கு மாப்பிள்ளையையும் இப்படித்தான் கட்டி இழுக்கணும்போல," என்றாள் ராக்காயி.

புஷ்பவள்ளி மீனைப் பார்த்தாள், ராக்காயியைப் பார்த்தாள். "சனிக்கிழம மூணு மணிக்கு நம்ம வீட்டுக்கு வாங்கக்கா. பெரிய டிவியில போடறோம். நம்ம வரிசையில எல்லாரையும் கூட்டியாங்க. வடை சுடறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே விஷயம் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"செத்த டிவிக்கு எதுக்குக்கா லேப்டாப்பு? புதுசு வாங்கு," என்றான்.

"வாங்கலாம். நீ வர்றியா, இல்ல உனக்குத் தெரியலன்னு சொல்லட்டா?"

வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டான். கையில் துணிப்பை, அதில் மாற்றுச் சட்டை, பிரிக்காத புதுப் பல் துலக்கும் பிரஷ், கூடவே சுங்கை பட்டாணியில் வாங்கிய தீப்பெட்டி அளவிலான ஒரு சாதனம். லேப்டாப்பிலிருந்து வரும் ஒயர் அதன் ஒரு பக்கம் நுழையும். மறுபக்கத்திலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர்கள் டிவிக்குப் போகும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. புது லேப்டாப் பேசுவதைப் பழைய டிவிக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் வேலை அதற்கு. அதுவும் சும்மா செய்யாது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும். "நாளைக்கு ரெண்டு மணிக்கு மாட்டுனா போதும். அஞ்சு நிமிஷ வேல," என்று வடை மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூடத்தில் பதினொரு பேர். ராக்காயி நடு நாற்காலியில். பூச்சாடி இறங்கியது, டிவி விழித்தது, திரை நீலமாக நின்றது. லோகேஸ்வரன் மூடியைத் திறந்து, பார்க்காமலே கைவிட்டு, மஞ்சள் ஒயரைத் திணித்தான். நுழையவில்லை. திருகித் திணித்தான். பாதி போய் நின்றது. வெள்ளையும் அப்படியே. லேப்டாப்பில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினான். அது தன் பங்குக்கு எல்லாம் சரி என்றது. டிவி நீலமாகவே இருந்தது.

"சொன்னேனே, உள்ள கருகிடுச்சுன்னு," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "அது இல்லாம, இந்தப் பழைய டிவிக்கு ஓட்டயே வேற சைசு. நாளைக்கே வேன்ல ஏத்திப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டு வந்துடறேன்."

"வடையாச்சும் கிடைச்சிச்சே," என்றாள் ராக்காயி.

புஷ்பவள்ளி குனிந்து பார்த்தாள். மஞ்சள் ஒயரின் முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. வாசனை வந்தது. நல்ல சந்தன வாசனை.

அந்த ஒரு நொடியில் இருபத்திரண்டு ஆயுத பூஜையும் அவள் கண்முன் வந்து போயின. கருகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. டிவியின் மூன்று காதையும் வருஷம் தவறாமல் தானே அடைத்து வைத்திருக்கிறாள். ஓட்டை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். இதை வாய்விட்டுச் சொன்னால் படம் வரும். ஆனால் ராக்காயி சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டுவாள். சொல்லாவிட்டால் டிவி இரும்புக் கடைக்குப் போகும், உமாராணி எறும்பாகவே இருந்துவிடுவாள். கடிகாரத்தில் இரண்டு இருபது.

புஷ்பவள்ளி நிமிர்ந்தாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நல்ல காரியத்துக்குச் சாமி கும்பிடாம ஆரம்பிச்சுட்டோம். டிவிக்குப் பூசை போடணும்."

"பூசையா?" என்றான் லோகேஸ்வரன். "அக்கா, இது எலெக்ட்ரானிக்."

"உன் வேனுக்குப் போடற இல்ல? எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துற இல்ல? போ வெளிய."

பூசை என்ற பிறகு யாரும் வாதாடுவதில்லை. பதினொரு பேரும் லோகேஸ்வரனும் வாசலுக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே நடந்தது இதுதான். முதலில் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்காக ஒன்றை உருவினாள். தொழிற்சாலையில் கொடுத்திருந்த கை துடைக்கும் ஸ்பிரிட்டை எடுத்தாள். குளியலறையில் கண்ணில் பட்ட முதல் பிரஷையும் கொண்டுவந்தாள். புத்தம் புதுசு, முடி நன்றாக விறைப்பாக இருந்தது. யாருடையது என்று யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. பூசை என்று சொன்னதற்கு ஒரு வாசனையாவது வெளியே போக வேண்டுமே என்று சமையலறைப் பக்கம் எட்டச் சூடத்தை ஏற்றி வைத்தாள். ஸ்பிரிட்டும் நெருப்பும் அருகருகே இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு வகுப்பில் படித்தது. ஒரு கணம் கைகூப்பி மன்னிப்பும் கேட்டாள். சாமியிடமா டிவியிடமா என்பதில் அவளுக்கே தெளிவில்லை.

விபூதி எளிது. ஈர்க்கால் கிளறி, தட்டி, ஊதியதும் வந்துவிட்டது. குங்குமம் கட்டி கட்டியாக வந்தது, பிரஷ் சிவந்தது. ஸ்பிரிட் காய்ந்ததும் மின்சாரத்தைக் கொடுத்து, வெள்ளையையும் சிவப்பையும் செருகிப் பார்த்தாள். திரை நீலமாகவே இருக்க, திடீரென்று ஒரு மலாய்க்குரல், இறுதிச் சுற்றுக்கு இன்னும் இருபது நிமிடம் என்று கூடத்தை அதிரவைத்தது.

வெளியே வாசலில் எல்லோருக்கும் அது கேட்டது. சூட வாசனை வந்துகொண்டிருந்தது. ராக்காயி மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்தனம்தான் கல்லாயிருந்தது. இருபத்திரண்டு அடுக்கு. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஈர்க்கால் குத்தி, பிரஷால் தேய்த்து, ஊதி, மறுபடி குத்தி, ஒவ்வொரு வருஷமாகப் பெயர்த்தாள். 2003-ஆம் வருஷத்துச் சந்தனம் வெளியே வந்தபோது அடியில் பித்தளை பளிச்சென்றது. தொழிற்சாலைக் கண்ணால் ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பாஸ். மேசை விசிறிக்கு முன்னால் கொஞ்ச நேரம் காயவிட்டு, மஞ்சளைச் செருகி, டிவியைப் போட்டாள்.

திரையில் ஒரு பச்சைத் திடல் விரிந்தது. நடுவில் கயிறு.

பிரஷைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கழுவினாள் என்பதை அவள் இன்றும் வலியுறுத்துகிறாள். பிறகு நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு கதவைத் திறந்தாள். "வாங்க. சாமி கண்ணத் தொறந்துடுச்சு."

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரன் மட்டும் திரையைத் தொட்டுப் பார்க்கும் தூரத்துக்கு வந்தான். "லூஸ் காண்டாக்டா இருந்திருக்கும்," என்றான். அவன் சொன்னது மெய்யாயிற்று. அடுத்த நொடி படம் போய்விட்டது. அத்தனை குத்துக்குப் பிறகு மஞ்சள் ஓட்டை சற்றே தளர்ந்திருந்தது. ஒயரை யாராவது விரலால் அழுத்திப் பிடித்தால்தான் படம் நிற்கும்.

"தம்பி, உனக்குத்தான் ஒயரப் பத்தித் தெரியும். நீ பிடிச்சுக்க," என்றாள் புஷ்பவள்ளி.

அப்படியாக லோகேஸ்வரன் டிவி ஓரத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆட்டத்தைப் பார்க்க முடியாத ஒரே இடம் அதுதான். எட்டிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் விரல் நகரும், படம் ஓடும், பன்னிரண்டு பேரும் சேர்ந்து, "பிடிப்பா," என்பார்கள்.

அகலமான படத்தைச் சதுர டிவி இரண்டு பக்கமும் நெருக்கிக் காட்டியது. எல்லோரும் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிந்தார்கள். கயிற்றின் கடைசியில் ஒருத்தி கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது, மூங்கில் மாதிரி?" என்றாள் ராக்காயி.

"நம்ம உமாதான்."

"உமாவா? இப்படி எளச்சிட்டா? சொல்லவே இல்ல. என் அக்கா மகன் ஒருத்தன் பட்டர்வொர்த்துல இருக்கான்."

"எளைக்கலக்கா. டிவிதான் எளச்சிருக்கு," என்றாள் புஷ்பவள்ளி, கண்ணை எடுக்காமல்.

எதிரணி மூன்று வருஷமாகக் கோப்பையை வைத்திருந்த பினாங்குக்காரர்கள். மூன்று இழுப்பில் இரண்டு வெல்ல வேண்டும். முதல் இழுப்பு பினாங்குக்குப் போயிற்று. இரண்டாவதில் உமாராணி குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள் போலிருந்தது. கயிறு அங்குலம் அங்குலமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கூடத்தில் வடை தட்டு கவிழ்ந்தது, யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது இழுப்பு ஒரு நிமிஷத்தைத் தாண்டியது. கயிறு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

"அக்கா, கை மரத்துப்போச்சு," என்றான் லோகேஸ்வரன்.

"உமா பிடிச்சிருக்கா இல்ல? நீயும் பிடி."

"அவ பயிற்சி எடுத்தவக்கா."

"பிடிடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். திறந்தபோது எதிரே அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் நாற்காலி விளிம்பில் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளாலும் இல்லாத கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வீடுகள் மொத்தமும் சாய்ந்திருந்தன. ராக்காயி நாற்காலியை விட்டு எப்போது தரைக்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தரையில் காலை ஊன்றி இழுத்தால்தான் வசதி என்று பட்டிருக்க வேண்டும். அந்த முகங்களில்தான் லோகேஸ்வரன் ஆட்டத்தைப் பார்த்தான். அக்காவின் வாய் திறந்தது, பல் தெரிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஜெயித்துவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்தது.

திரையில் ஏழு பெண்கள் ஓடிவந்து கடைசியில் நின்றவளைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அவளே அவர்களில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டாள்.

"புஷ்பா," என்றாள் ராக்காயி தரையிலிருந்தபடியே. "கொஞ்சம் தண்ணி..."

"குசினியில இருக்குக்கா. போய்க் குடிச்சிட்டு எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டாங்க."

ராக்காயி எழுந்து போனாள். இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தாள். இதற்குச் சாட்சி பத்துப் பேர்.

மறுநாள் காலை ஆறரை மணி. அரை வெளிச்சத்தில் வாசல் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த லோகேஸ்வரன் துப்பினான். சிவப்பு. மறுபடி துப்பினான். அதே சிவப்பு, நுரையோடு. பூக்குடலையோடு அந்த வழியாக வந்த ராக்காயி அதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி வேகமாக நடந்தாள். செய்தி பாலிங்கை எட்டியது அவன் வேனுக்கு முன்னால்.

லோகேஸ்வரன் பிரஷை விளக்கடியில் தூக்கிப் பார்த்தான். முடியின் அடியில் குங்குமம். காம்பு ஓரத்தில் மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனான். சந்தனம். நிதானமாக உள்ளே போய் டிவியின் மூடியைத் திறந்து மூன்று ஓட்டைகளையும் பார்த்தான். விஷயம் விளங்கிவிட்டது. வெளியே சொல்லலாம்தான். சொன்னால், 2019-இல் கருகிப்போச்சு என்று தீர்ப்பு எழுதியவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

"அக்கா," என்றான். "எனக்கு ஒரு புது பிரஷ் வேணும்."

"வாங்கித் தரேன்."

"எப்ப?"

"என் டிஜிட்டல் பெட்டி பாலிங்கிலேர்ந்து எப்ப வருதோ, அப்ப."

உமாராணியின் கோப்பை இப்போது டிவி மேல் பூச்சாடி இருந்த இடத்தில் நிற்கிறது. இந்த வருஷ ஆயுத பூஜையில் பொட்டு கோப்பைக்கு வைக்கப்பட்டது, மூடி திறக்கப்படவில்லை. ராக்காயி டிவியின் பின்பக்க எண்ணைக் குறித்துப்போய் அதே எண்ணில் லாட்டரி நம்பர் எடுத்ததும், அது விழாததும் வதந்தியில் சேரவில்லை. அக்கா தம்பிக்குள் பேச்சுவார்த்தை நன்றாகவே இருக்கிறது. பெட்டி இன்னும் பாலிங்கிலிருந்து கிளம்பவில்லை. பிரஷும் இன்னும் வாங்கப்படவில்லை.